நேசனின் கடைசிச் சொல்லுக்கு முந்திய சொல்

1

“ஆண் குரல். தொலைபேசியில் பதிவானது. இரைச்சல் அதிகம். கடைசிச் சொல்லுக்கு முந்திய சொல்லில் எத்தனை அசைகள் கேட்கின்றன என்று மட்டும் சொல்லுங்கள். மொழி தெரியத் தேவையில்லை.”

இது 2009 மே 3ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, ஒலிக்கலவை பழகுகிறவர்கள் கூடும் இணைய மன்றம் ஒன்றில் நான் ஆங்கிலத்தில் இட்ட குறிப்பு. அன்றே என் நாட்குறிப்பில் தமிழிலும் எழுதி வைத்தேன். அதற்கு வந்த முதல் பதிலையும் எழுதி வைத்திருக்கிறேன்: “நல்ல குரல். ஆனால் வறண்டு கிடக்கிறது, கொஞ்சம் எதிரொலி சேர்த்துப் பாருங்கள். எந்தப் பாட்டு இது?”

அது பாட்டு இல்லை. என் மனைவி தவத்தின் தம்பி நேசன், வன்னியிலிருந்து எங்கள் வீட்டுத் தொலைபேசியில் விட்டுப்போன தகவல்.

இப்போது டிசம்பர். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நடந்த ஒரு பேச்சு இதையெல்லாம் ஒழுங்காக எழுதி வைக்கத் தூண்டியது. ஊரில் இருந்து வாசிக்கிறவர்கள், லண்டனில் இருக்கிற ஒருவன் இந்த வருடம் முழுக்க என்ன செய்துகொண்டிருந்தான் என்று கேட்டால், ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான் என்பதுதான் உண்மையான பதில்.

2

நான் ஒலிக்கலைஞன் அல்ல. ஜேர்மனியில் பத்து வருடம் இருந்துவிட்டு, மகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு மாறி வந்தவன். பிளேஸ்டோவில் வீடு. பெற்றோல் நிலையத்தில் காலை ஷிப்ட். பின்னேரம் வீட்டுக்கு வந்தால் வாசிப்பேன், எழுதுவேன்.

2007இல் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம், பிள்ளைகள் பாடிய தேவாரங்களைச் சீடியாக வெளியிட விரும்பியது. அதற்கு முந்திய ஆண்டு விழாவில் ஒரு வயரை மாற்றிச் செருகி மைக்கை வேலை செய்ய வைத்தவன் நான். அந்த ஒரு தகுதி போதும் என்று நிர்வாகம் நினைத்துவிட்டது. பதிவு செய்து பார்த்தால், பன்னிரண்டு பிள்ளைகளும் ஒரு தண்ணீர்த் தாங்கிக்குள் நின்று பாடியது போல இருந்தது. அப்போதுதான் இந்த மன்றத்தைத் தேடிப் பிடித்தேன்.

அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. யாருடைய வயதும் தெரியாது. நாம் செய்த கலவையை அங்கே போட்டால், முகம் தெரியாதவர்கள் கேட்டுவிட்டுப் பிழை சொல்வார்கள். மிக்சிங் என்றால் எந்தக் குரல் முன்னே நிற்பது, எது பின்னே ஒதுங்குவது என்று இடம் பிரித்துக் கொடுப்பது என்றும், மாஸ்டரிங் என்றால் வெளியே அனுப்புமுன் கடைசியாக ஒருவர் முழுதும் கேட்டுச் சரிபார்ப்பது என்றும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். மாஸ்டரிங் முடிந்ததை யாரும் தொடக்கூடாது என்பது அவர்களுடைய சட்டம்.

என் முதல் தேவாரத்துக்கு வந்த விமர்சனம் எங்கள் வீட்டில் இன்றைக்கும் பகிடி. “பின்னால் ஒரே அளவில் ஒரு உறுமல் ஓடுகிறது. உங்கள் வீட்டு மின்சார இணைப்பில் பிழை இருக்கிறது. முதலில் எர்த்தைப் பாருங்கள்.” ஒரு பையன், பையன் என்றுதான் நினைக்கிறேன், நல்ல மனதோடு அந்த உறுமலை வெட்டி எறிந்து எனக்கு அனுப்பியும் வைத்தான். கேட்டால், பிள்ளைகள் எல்லோரும் காலுக்குக் கீழே நிலம் இல்லாமல் தொங்கிக்கொண்டு பாடினார்கள்.

தவம் சிரித்த சிரிப்பு! “சுருதிப்பெட்டிக்கு எர்த் அடிக்கச் சொல்லுறான் வெள்ளைக்காரன்!” அந்த வருடம் போன கலியாண வீடெல்லாம் அவள் இதைச் சொன்னாள்.

அது பிழையில்லை, அதன்மேல்தான் பாட்டே நிற்கிறது என்று விளக்க எனக்கு ஒரு கிழமை பிடித்தது. அதற்குப் பிறகு மன்றத்தில் அந்த உறுமலின் ஆங்கிலப் பெயரால் என்னை ‘ஹம்’ என்று கூப்பிட்டார்கள். அந்தச் சீடியில் பாடிய பிள்ளைகளில் எங்கள் மதுராவும் ஒருத்தி. அடுத்த வருடம் அவள் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று நின்றுகொண்டாள். நாங்கள் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தக் களைத்துப் போயிருந்தோம் என்பதே சரி.

3

ஏப்ரல் 16, வியாழக்கிழமை. நாங்கள் மூன்று பேரும் பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டு வந்தோம். போரை நிறுத்தச் சொல்லி அந்த நாட்களில் தமிழர் எல்லோரும் அங்கேதான் நின்றோம். வீட்டுக்குள் வந்தால் தொலைபேசியில் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது.

“அக்கா, நேசன் கதைக்கிறன். நான் சுகமா இருக்கிறன், யோசிக்காதேங்கோ. இஞ்சை இனி நிக்கேலாது. சரி, … வாறன்.”

‘சரி’க்கும் ‘வாறன்’ என்பதற்கும் நடுவில் ஒரு சொல் இருக்கிறது. சரியாக அந்த இடத்தில் ஏதோ ஒரு வாகனம் அவனுக்குப் பக்கத்தால் இரைந்துகொண்டு போகிறது.

தவம் முதல் தரம் கேட்டதுமே சொன்னாள்: “போட்டு வாறன் எண்டு சொல்லுறான்.”

எனக்கு அப்படிக் கேட்கவில்லை. ‘போட்டிலை வாறன்’ என்று கேட்டது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் ‘போய்விட்டு வருகிறேன்’ என்பதை ‘போட்டு வாறன்’ என்போம். அது விடைபெறும் வார்த்தை. ‘போட்’ என்பது இயந்திரம் பூட்டிய படகு. எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ‘போ’. வாயில் முதல் ஒலி வேறுதான், ஒன்று இதழை வெடித்துத் திறப்பது, மற்றது தொண்டை அதிரத் திறப்பது. ஆனால் அந்த அதிர்வு கீழ்ச்சுருதியில் இருப்பது. தொலைபேசி கீழ்ச்சுருதியைக் கொண்டுவராது. இதையும் நான் மன்றத்தில்தான் படித்தேன். ஆகவே மிச்சம் இருப்பது சொல்லின் முடிவு மட்டும். ‘டு’ என்று முடிகிறதா, ‘டிலை’ என்று நீள்கிறதா. அதன்மேல்தான் வாகனம் போகிறது.

நேசன் கிளிநொச்சியில் தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவன். கலியாணம் செய்யவில்லை. நீந்தத் தெரியாது. “அவன் கடலிலை கால் நனைக்கவே பயப்பிடுறவன், அவன் போட்டிலை ஏறுவானோ?” என்றாள் தவம். போர் சனத்தையெல்லாம் ஒதுக்கித் தள்ளியிருந்த அந்தக் கடற்கரையில் அப்போது யாருக்கு எதில் பயம் மிஞ்சியிருக்கும் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

மே மாதம் முடிந்தது. எல்லாம் முடிந்தது என்று சொன்னார்கள். நேசனிடமிருந்து வேறு தகவல் இல்லை.

அவன் சொன்னது விடைபெறுகிற சொல் என்றால், சனத்தோடு சனமாக நடந்து வெளியே வந்திருப்பான். வவுனியா முகாம்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் தேட வேண்டும். படகு என்றால் தமிழ்நாட்டுக் கரையில் தேட வேண்டும். இரண்டு இடத்திலும் தேடலாமே என்று சொல்வது சுலபம். ஒவ்வொரு இடத்திலும் தேடிக்கொடுக்க ஒரு மனிதரைப் பிடித்து, அவரைத் தொலைபேசியில் மன்றாடி, அவர் மறுபடி எடுக்கும்வரை சாப்பிடாமல் இருக்கிற தவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் அது சுலபமில்லை என்பது தெரியும்.

4

ஜூன் மாதம், காணாமல் போனவர்களைத் தேடித் தரும் உதவி நிறுவனம் ஒன்றின் அலுவலகத்துக்குப் போனோம். இளம் பெண் ஒருத்தி மிகவும் மரியாதையாகக் கதைத்தாள். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று சொன்னாலும், உறவினர் மொழிபெயர்க்கக் கூடாது என்பது அங்கே விதி. தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரை எடுத்தாள். சென்னைக் குரல். ஒலித்துண்டைப் போட்டுக் காட்டினோம். தவம் தனக்குக் கேட்டதையும் சொன்னாள்.

“சார், போட்டுங்கிறார்ல, எதைப் போட்டுட்டு வரார்? ஏதாவது பொருளா?”

“இல்லை அம்மா. போட்டு எண்டால் போயிட்டு.”

“ஓ. அப்ப அவரு போயிட்டாரா?”

“போகேல்லை. வாறன் எண்டுதான் சொல்லுறார்.”

“எங்க வரார் சார்? லண்டனுக்கா?”

அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது. அவருக்குத் தெரிந்த தமிழில் அவர் சரியாகத்தான் கேட்டார். இதற்குள் அந்தப் பெண், ‘பொருட்களை விட்டுவிட்டு வருவதாகக் கூறினார்’ என்று எழுதிவிட்டாள். நான் விதியை மீறி ஆங்கிலத்தில் குறுக்கிட்டேன். “அதன் பொருள் போய் வருவது.”

“போவதா, வருவதா?” என்று கேட்டாள்.

“இரண்டும். விடைபெறுவது.”

அவள் தலையாட்டிவிட்டு, முதல் எழுதியதை வெட்டி, ‘குட்பாய் சொன்னார்’ என்று எழுதினாள். தவம் என் கையைப் பிடித்தாள்.

“என்ன எழுதினவ?”

“குட்பாய் எண்டு.”

“அவன் அப்பிடிச் சொல்லேல்லை. போறன் எண்டு எங்கடை வீட்டிலை ஒருத்தரும் சொல்லுறேல்லை. மாத்தச் சொல்லுங்கோ.”

“ரெண்டும் ஒண்டுதானப்பா.”

“ஒண்டில்லை. மாத்தச் சொல்லுங்கோ.”

மாற்றினாள். ‘போய் வருவதாகக் கூறினார்.’ படகு பற்றி என் சந்தேகத்தைச் சொன்னதும், உறுதிப்படுத்தப்பட்ட தகவலை மட்டுமே சேர்க்க முடியும் என்று வருத்தத்தோடு சொன்னாள்.

5

மன்றத்தில் அது பாட்டு அல்ல என்பதை மே 3ஆம் திகதியே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் கேட்கிறவர்களின் காது சாய்ந்துவிடும் என்று நினைத்தேன். அங்கே அப்படித்தான் பழக்கியிருந்தார்கள், எது எது என்று சொல்லாமல் கேட்கவைத்தால்தான் நேர்மையான பதில் வரும் என்று. சிலர் இரண்டு அசை என்றார்கள், சிலர் மூன்று என்றார்கள். எதிரொலி சேர்க்கச் சொன்னவர் இன்னும் பாட்டின் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தார். நாலாம் நாள் ஒரே ஒரு வரி எழுதினேன். இது போர் நடக்கும் இடத்திலிருந்து என் மனைவியின் தம்பி பேசியது, அதற்குப் பிறகு அவரைப் பற்றித் தகவல் இல்லை.

அடுத்த நாள் வேலையைத் தொடங்கினார்கள். ஒருவர் காற்றின் இரைச்சலைக் குறைத்து அனுப்பினார். இன்னொருவர் வாகனத்தின் உறுமல் எந்தெந்தச் சுருதியில் ஓடுகிறது என்று படம் வரைந்து அனுப்பினார். முன்பு சுருதிப்பெட்டியை வெட்டி எறிந்த பையன் எழுதினான்: “ஹம், அன்றைக்கு நான் வெட்டியது இரைச்சல் இல்லை என்றீர்கள். இன்றைக்கு எதை வெட்டவும் பயமாக இருக்கிறது.”

வேல்ஸில் இருந்து எழுதும் பெண் ஒருவர் இருந்தார். வானொலியில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவர் என்று தன்னைப் பற்றி ஒருமுறை சொல்லியிருந்தார். அவர் சொன்னால் மன்றத்தில் மறுபேச்சு இராது. அவருக்கு அசல் துண்டை அனுப்பி, இரண்டு சொற்களையும் என் குரலில் பேசி அனுப்பினேன். ஒரு கிழமை கழித்துப் பதில் வந்தது.

“உங்களுக்கு எந்தச் சொல் வேண்டும் என்று சொல்லுங்கள். இந்தத் துண்டிலிருந்து இரண்டில் எதையும் என்னால் எடுத்துத் தர முடியும். முடியும் என்பதால்தான் இனி இதைத் தொடமாட்டேன்.”

எனக்குக் கோபம் வந்தது. ஷிப்ட் முடிந்து வந்த பின்னேரங்களில் நானே உட்கார்ந்தேன். ஓர் இடத்தில் கொஞ்சம் உயர்த்தி, இன்னோர் இடத்தில் வெட்டினால், ‘போட்டிலை’ மெல்ல மேலே வந்தது. நேசனின் குரல்தான், சந்தேகமே இல்லை. அதே நாள் வேறு விதமாக வெட்டினேன். ‘போட்டு’ என்று அழுத்தந்திருத்தமாகச் சொன்னான். அதுவும் நேசனின் குரல்தான். இரண்டையும் ஏ, பி என்று பெயரிட்டுச் சேமித்தேன். இரண்டு வருடம் பழகிய வித்தையில் நான் செய்த மிகச் சுத்தமான வேலை இவை இரண்டும்தான். இரண்டையும் யாருக்கும் போட்டுக் காட்டவில்லை.

6

மதுராவுக்குப் பதினாறு வயது. ஓகஸ்ட் மாதம் ஒரு பின்னேரம் நான் அசலைக் கேட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள். அவளிடம் நான் ஒருபோதும் கேட்டதில்லை. தமிழ் விசயம், அவளுக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன் போலிருக்கிறது.

“அப்பா, இட்ஸ் போட். ஒப்வியஸ்லி.”

“எப்பிடித் தெரியும்?”

“பிகோஸ் ஹீ சேஸ் போட். மாமா ஈஸ் கமிங் பை போட். வை ஆர் யூ கைஸ் ஃபைட்டிங் எபவுட் திஸ்?”

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த தவம் எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “அவளிட்டைக் கேக்காதேங்கோ. அவள் வெளிக்கிடேக்கை ‘பாய்’ எண்டு கதவை அடிச்சுப்போட்டுப் போறவள். அவளுக்குப் போட்டு வாறன் எண்டொரு சொல் இருக்கிறதே தெரியாது.”

“அம்மா, ஐ நோ தட் வேர்ட்.”

“எங்கை, சொல்லு பாப்பம்.”

மதுரா சொன்னாள். அவள் வாயில் அது படகு போலத்தான் கேட்டது. தவத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மதுராவும் சிரித்தாள். அந்த வருடத்தில் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது எனக்கு அந்த ஒரு தரம்தான் நினைவிருக்கிறது. பிறகு தவம் குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டாள். கனநேரம் தண்ணீர் ஓடியது.

மகளின் காதில் விடைபெறும் சொல் இல்லை, அதனால் அவளுக்குப் படகு கேட்கிறது. மனைவியின் காதில் நேசன் கடலில் இறங்குகிறவன் இல்லை, அதனால் அவளுக்குப் படகு கேட்பதில்லை. எனக்குத்தான் எதைக் கேட்கிறேன் என்றே இப்போது தெரிவதில்லை.

7

போன ஞாயிற்றுக்கிழமை தென்லண்டன் சட்டனில் இருந்து அத்தான் வந்தார். தவத்தின் மூத்த அண்ணன். பிரான்சில் இருந்து வந்து இங்கே கடை நடத்துகிறவர். எதற்காகவும் கடையைப் பூட்டாத மனிதர், அன்று பூட்டிவிட்டு வந்திருந்தார்.

தேநீரைக் குடிக்காமல் வைத்துக்கொண்டு சொன்னார்: “ஐயரோடை கதைச்சனான். தை பிறக்க முந்தி அவனுக்கு அந்தியேட்டியைச் செய்து முடிப்பம். எத்தினை நாளைக்கு இப்பிடி வைச்சிருக்கிறது? அவன்ரை ஆத்மா எங்கை அலையுதோ.”

அந்தியேட்டி என்பது இறந்தவர்களுக்கு ஒரு மாதம் கழித்துச் செய்கிற கிரியை. நான் சொன்னேன்: “அத்தான், அவன் இல்லையெண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே.”

“இருக்கிறான் எண்டும் ஒருத்தரும் சொல்லேல்லை. உம்மடை வெள்ளைக்காரக் கோஷ்டி என்ன சொல்லுது? அவங்கள் பாட்டுக்கு மெட்டுப் போட்டு முடிஞ்சுதோ?”

“அத்தான்…”

“கோவிக்காதையும். நானும் அவன்ரை அண்ணன்தானே. எனக்கு ஒருக்காப் போட்டுக் காட்டும்.”

கணினியைத் திறந்தேன். அசலைப் போட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு எனக்கு என்ன வந்ததோ, ஏ, பி இரண்டையும் போட்டேன். ஏ முடிந்ததும் அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். “போட் எண்டல்லோ சொல்லுறான்!” பி முடிந்ததும் அவர் முகம் கறுத்துப் போனது.

“இதென்ன விளையாட்டு ஐசே? இதிலை எது அவன் சொன்னது?”

“முதல் போட்டது. மற்றது ரெண்டும் நான் செய்தது.”

“அப்ப நீர் அவனைக் கொண்டு உமக்கு விருப்பமானதைச் சொல்ல வைக்கிறீர்.”

அவர் சொன்னது சரி.

தவம் எழும்பி வந்து, “அசலைத் திருப்பிப் போடுங்கோ” என்றாள். போட்டேன். முடிந்ததுமே அவள் அத்தானைப் பார்த்துத் திரும்பினாள். இவ்வளவு நாளும் கேட்காத ஒரு குரலில் பேசினாள்.

“அண்ணை, முன்னுக்கு என்ன சொன்னான் எண்டு எனக்குத் தெரியாது. இனி நான் சண்டை பிடிக்கமாட்டன். போட்டோ, போட்டிலையோ. ஆனா பின்னுக்கு வாறன் எண்டுதானே சொன்னவன்? அதிலை ஒரு இரைச்சலும் இல்லையே? உங்களுக்கும் கேட்டதுதானே?”

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

“கேட்டதோ இல்லையோ?”

“ஓம். கேட்டது.”

“வாறன் எண்டு சொன்னவனுக்கு நான் அந்தியேட்டி செய்ய ஒத்துக்கொள்ளமாட்டன். ஐயரிட்டைச் சொல்லி விடுங்கோ.”

அவர் ஆறிப்போன தேநீரைக் குடித்தார். எழும்பிக் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசல்வரை போனவர், கதவைத் திறக்கிறபோது வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் நின்றார். தவம் பார்த்துக்கொண்டே நின்றாள். கடைசியில் சொன்னார். “போட்டு வாறன் பிள்ளை.” அவர் வாயில் அது எந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லாமல் கேட்டது.

ஏ, பி இரண்டையும் அன்றே அழித்துவிட்டேன். அசல் இருக்கிறது.

அந்த உதவி நிறுவனத்துக்குத் திங்கட்கிழமை எழுதினேன். ‘போய் வருவதாகக் கூறினார்’ என்பதை எடுத்துவிட்டு, ‘வருவதாகக் கூறினார்’ என்று மட்டும் வைக்கும்படி கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.

நவம்பரில் சவுத்தாலில் கடை வைத்திருக்கும் ஒருவர் சொன்னதையும் இங்கே பதிந்து வைக்கிறேன். தமிழ்நாட்டு முகாமில் இருக்கும் அவருடைய உறவினர், ஏப்ரல் நடுப்பகுதியில் வன்னிக் கரையிலிருந்து ஒரு படகு புறப்பட்டது என்றும், அதில் பம்பு திருத்துகிற ஒருவர் ஏறினார் என்றும் சொல்கிறாராம். உறவினர் அதைத் தன் கண்ணால் காணவில்லை, இன்னொருவர் சொல்லக் கேட்டது. அந்த இன்னொருவர் யார் என்று இதுவரை தெரியவில்லை. படகு கரை சேர்ந்ததா என்பதும், ஏறியவரின் பெயரும் உறுதிப்படவில்லை.